ஏசிக்கு நாற்பதாயிரம், எர்த்துக்கு எவ்வளவு?

கொஞ்சம் நீளமான த்ரெட். முழுசா படிக்க நேரம் இல்லைன்னா கடைசியில் இருக்கிற ஐந்து வேலைகளை மட்டுமாவது படிச்சிட்டுப் போங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்க வீட்டுல செய்யக்கூடியதுதான்.

மார்கழி மாசம். விடிகாலை ஐந்தரை மணி இருக்கும். நைட் டியூட்டி முடிய இன்னும் ரெண்டரை மணி நேரம். கேஷுவாலிட்டி வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா. மகளுக்குப் பிரசவமாகி இரண்டு வாரம்கூட ஆகலை. பிள்ளை பெத்தவ குளிக்கணுமேன்னு பாத்ரூமில் வெந்நீர் வைத்திருக்கிறார். எவர்சில்வர் வாளி. அதில் ஹீட்டர் ராடு. தண்ணி சூடாயிடுச்சான்னு விரலை விட்டுப் பார்த்திருக்கிறார். சுவிட்சை அணைக்கலை.

ஈசிஜியில் நேர்கோடு. நாங்க சிபிஆர் செய்தோம், மருந்து கொடுத்தோம், திரும்பவும் சிபிஆர் செய்தோம். வரலை.

உடம்பில் வெளியே தெரிந்த காயம் ஒன்றே ஒன்றுதான். வலது கை ஆள்காட்டி விரல் நுனியில், மிளகு அளவுக்கு ஒரு வெளுத்த தடம்.

வெளியே வந்து சொன்னேன். மகன் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "சார், போன வருஷம்தான் ஏசி மாட்டினோம். வயரிங் எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு நெனச்சோம்."

அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. ஏன்னா போன கோடையில் நானும் என் அம்மாவுக்கு ஒரு ஏசி மாட்டிக் கொடுத்திருந்தேன்.

எங்க ஊர் செம்மங்குப்பம். கடலூரில் இருந்து சிதம்பரம் போகிற வழியில் இருக்கு. 2025 ஜூலை 8ஆம் தேதி ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்களைப் பறிகொடுத்தோமே, அதே ஊர்தான். ஒரு பக்கம் சிப்காட், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல். மே மாசத்தில் காற்றே நனைஞ்ச துணி மாதிரி உடம்பில் ஒட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். நேரா பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வாளி, அதில் ஒரு ராடு. மூணு பின் இருக்க வேண்டிய பிளக்கில் பெரிய பின்னைக் காணோம். போர்டில் நுழையலைன்னு யாரோ வெட்டி விட்டிருக்காங்க.

"ஏம்மா, எத்தனை நாளா இது?"

"போடா, பத்து வருஷமா இதுலதான் வெந்நீர் வைக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு இப்போ?"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போர்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே பச்சை வயர் எதிலும் சேராமல் சும்மா தொங்கிக்கிட்டு இருந்தது. என் நாற்பதாயிரம் ரூபாய் ஏசிக்கும் எர்த் இல்லை. மாட்ட வந்தவர்கிட்ட எத்தனை டன், எத்தனை ஸ்டார், எத்தனை வருஷ வாரண்டின்னு எல்லாம் கேட்டிருந்தேன். எர்த் இருக்கான்னு கேட்கலை. எம்பிபிஎஸ் படிச்சவன், ஷாக் அடிச்சு வர்றவங்களை வருஷக்கணக்கா பார்க்கிறவன், நானே கேட்கலை.

அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், ஷாக் ஒரு மனுஷனை எப்படிக் கொல்லுதுன்னு பார்ப்போம்.

நம்மைக் கொல்வது வோல்ட் அளவு மட்டும் இல்லை, உடம்பு வழியா ஓடுகிற கரண்டின் அளவு. காய்ந்த தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலும் ஈரத்தரையில் வெறுங்காலுமா இருந்தால் அந்தத் தடுப்பு ஏறக்குறைய ஆயிரம் ஓம் வரை இறங்கிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்துப் பாருங்க. சுமார் 230 மில்லி ஆம்பியர்.

பத்து மில்லி ஆம்பியர் தாண்டினாலே கைத்தசை இறுகிப் பிடிச்சுக்கும், விட நினைத்தாலும் விட முடியாது. நூறு மில்லி ஆம்பியர் இதயத்தின் வழியாகப் போனால் அது துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பிச்சிடும். நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. ஏழெட்டு விநாடியில் நினைவு தப்பிடும்.

"எங்க வீட்டுல எம்சிபி இருக்கே டாக்டர், டப்புன்னு விழுந்துடுமே?"

விழாது. இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சு வச்சிருக்காங்க. எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. 16 ஆம்பியர் எம்சிபின்னா 16,000 மில்லி ஆம்பியர். உங்க உடம்பு வழியா 230 ஓடினால் அதன் கணக்கில் இன்னொரு பல்பு எரியுது, அவ்வளவுதான்.

மனுஷனைக் காப்பாற்றுகிற சாதனத்தின் பேர் ஆர்சிசிபி. ஆர்சிடின்னும் சொல்வாங்க. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா இருக்கான்னு அது ஓயாமல் பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால், அது எங்கேயோ கசிந்து மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம். அந்த வழி உங்க உடம்பாகவும் இருக்கலாம். கண் சிமிட்டுகிற நேரத்துக்குள் லைனைத் துண்டிச்சிடும்.

தமிழ்நாட்டில் புது மின் இணைப்புக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்காங்க. பழைய வீடுகளில்தான் பிரச்சினை. நாம் ஏசியும் ஹீட்டரும் வாங்கி மாட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பழைய வயரிங்கில்தான்.

ஒன்று சொல்லிடுறேன். ஒரு கையில் பேஸ், இன்னொரு கையில் நியூட்ரல்னு ரெண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஆர்சிசிபிக்கும் தெரியாது. அது இருக்குன்னு தைரியமா விளையாடக் கூடாது.

இன்னொரு பழக்கம். "மழைக்காலத்தில் அடிக்கடி விழுது சார், அதான் கழட்டி நேரா கொடுத்துட்டோம்." காய்ச்சல் அடிக்கடி காட்டுதுன்னு தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுவீங்களா? ஆர்சிசிபி விழுதுன்னா எங்கேயோ ஈரம் இறங்கியிருக்கு, அல்லது ஒரு கருவி கசியுது, அல்லது இன்வெர்ட்டர் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு தப்பாகச் சேர்த்திருக்காங்க. எதுன்னு தேடிச் சரி செய்ய வைங்க.

இப்போ வெந்நீருக்கு வருவோம்.

ராடுக்குள் இருக்கிற கம்பிச்சுருளைச் சுற்றிக் கரண்ட் கடத்தாத ஒரு பொடி, அதற்கு மேல் உலோக உறை. நம்ம பக்கம் போர் தண்ணியில் உப்பு அதிகம். உப்பு படியப் படிய ராடு அளவுக்கு மீறிச் சூடாகி, ஒரு நாள் உறையில் மயிரிழை விரிசல் விழும். தண்ணி உள்ளே இறங்கும். அதுக்கப்புறம் வாளித் தண்ணி முழுக்கக் கரண்ட்தான். பார்த்தால் தெரியாது. பத்து வருஷம் ஒண்ணும் ஆகலைங்கிறது பதினோராவது வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ராடு வைத்தே ஆகணும்னா:
முதலில் தண்ணி, அடுத்து ராடு, கடைசியில் சுவிட்ச்.
எடுக்கும்போது முதலில் சுவிட்ச் ஆஃப், அடுத்து பிளக்கைக் கழட்டுவது, கடைசியில்தான் ராடையும் தண்ணியையும் தொடுவது.
உலோக வாளி வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் ராடு பக்கவாட்டில் படாமல் நிற்கணும்.
ராடில் போட்டிருக்கிற கோட்டுக்குக் கீழே தண்ணி இறங்கக் கூடாது.
வெள்ளையா உப்பு ஏறிய ராடு, நெளிந்த ராடு, ஒட்டுப் போட்ட வயர் இருந்தால் அன்றைக்கே குப்பைக்கு.
குழந்தை நடமாடுகிற வீட்டில் ராடே வேண்டாம்.

கீசர் இதைவிடப் பாதுகாப்பு. ஆனால் அதையும் மாட்டிவிட்டு மறந்துடக் கூடாது. உப்புத் தண்ணி ஊரில் வருஷம் ஒரு முறை திறந்து சுத்தம் செய்யணும். படிந்த உப்போடு ஓடுகிற கீசர் கரண்டையும் கூடத் தின்னும். மேல் பக்கமோ கீழ்ப் பக்கமோ அழுத்தம் அதிகமானால் தண்ணியை வெளியேற்றுகிற ஒரு சின்ன வால்வு இருக்கும். அதில் சொட்டுதுன்னு அடைக்கிறவங்க இருக்காங்க. குக்கர் விசிலை அடைப்பதும் அதை அடைப்பதும் ஒண்ணுதான்.

2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். குளிக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, குளிக்கும் முன் அணைச்சிடுங்க. பாதுகாப்பும் ஆச்சு, சிக்கனமும் ஆச்சு.

மருத்துவரா ஒரு வார்த்தை. 60 டிகிரி வெந்நீர் பெரியவர்கள் தோலையே ஐந்து விநாடியில் வேக வைக்கும். குழந்தைக்கு அதைவிடச் சீக்கிரம். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது, கொப்புளம் வந்தப்புறம்தான் வருவாங்க. வாளியில் முதலில் பச்சைத் தண்ணி, அப்புறம் வெந்நீர். உங்க முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் குழந்தை. ராடு உள்ளே இருக்கும்போது இல்லை.

அடுத்து, எல்லாரும் பயப்படுகிற ஏசி.

"ஏசி வெடிச்சு மூணு பேர் பலி." 2019 மே மாசம் திண்டிவனம் காவேரிப்பாக்கத்தில் தாய், தந்தை, இளைய மகன் மூன்று பேரும் இறந்தபோது முதலில் வந்த செய்தி இதுதான். தமிழ்நாடு முழுக்க அன்றைக்கு ராத்திரி ஏசியைப் போடவே பயந்தாங்க. விசாரணை போகப் போக வேறு கதை வெளியே வந்தது. பெட்ரோல் குண்டு வீசப்பட்டதுன்னு சொல்லி மூத்த மகனையும் அவர் மனைவியையும் போலீஸ் கைது பண்ணாங்க. ஏசி மேல் விழுந்த பழி மட்டும் இன்னும் வாட்ஸ்அப்பில் சுத்திக்கிட்டு இருக்கு.

அதுக்காகக் குளிரூட்டும் கருவிகளில் ஆபத்தே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2022 நவம்பரில் கூடுவாஞ்சேரியை அடுத்த ஊரப்பாக்கத்தில் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து தங்கிய ஒரு குடும்பத்தில் மூன்று பேர் தூக்கத்திலேயே புகையில் மூச்சுத்திணறி இறந்தாங்க. ஃப்ரிட்ஜ் வெடித்து வந்த புகைன்னு போலீஸ் சொன்னாங்க. வளைகுடாவிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருகிற நம்ம பக்கத்துக் குடும்பங்கள் இதை மனசில் வைக்கணும். பூட்டிக் கிடந்த வீட்டில் வந்த அன்றைக்கே எல்லாச் சுவிட்சையும் போடாதீங்க. எலி கடிச்ச வயரா, துருவேறிய பிளக்கான்னு எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகு போடுங்க.

ஏசியில் தீ பெரும்பாலும் வயரில் இருந்துதான் கிளம்புது. ஒன்றரை டன் ஏசி ஏழு, எட்டு ஆம்பியர் வரை இழுக்கும், அதுவும் ராத்திரி முழுக்க. அதை டிவி பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ கொடுத்தால் பிளக் உருகும். ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி, தேவையான தடிமன் உள்ள வயர் வேணும். ஓடி அரை மணி நேரம் கழித்துப் பிளக் மேல் கையை வைத்துப் பாருங்க. சுடுதுன்னா, கருகிய வாடை வருதுன்னா, அணைச்சிட்டு ஆளைக் கூப்பிடுங்க.

கடலோரத்துக்காரங்களுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. வெளியே இருக்கிற யூனிட்டின் காயிலையும் இணைப்பையும் அரிச்சிடும். கோடைக்கு முன்னால் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்றுன்னு வருஷம் ரெண்டு சர்வீஸ் இங்கே அவசியம்.

"வருஷா வருஷம் கேஸ் அடிக்கணும்"னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுத்திக்கிட்டே இருக்கும். குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டை. ஓட்டையை அடைத்த பிறகுதான் கேஸ். இப்போ வருகிற ஏசிகளில் உள்ள ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. அதனால் மெக்கானிக் வேலை செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்கக் கூடாது.

செலவைக் குறைக்க எளிய வழி ஃபில்டர். கோடையில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை கழட்டிக் குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்க. எங்க அம்மாவுக்கே ஐந்து நிமிஷ வேலை. அழுக்கு ஃபில்டர் இருந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், அறை குளிராது, வீட்டில் தும்மலும் இருமலும் நிற்காது.

வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசின் பிஇஇ அமைப்பு சொல்லுது. அதனால்தான் 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏசிகளில் ஆன் செய்ததும் 24 டிகிரி வரணும்னு வச்சாங்க. 18ல் வைத்தால் சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 25 அல்லது 26ல் வைத்து, கூடவே ஃபேனைச் சின்னதா ஓட விடுங்க. ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்னு உங்களுக்கே தெரியும்.

ஆனால் ஒரு இடத்தில் சிக்கனம் பார்க்காதீங்க.

வயசான அப்பா அம்மா, பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கைக்குழந்தை. கத்திரி வெயிலில் இவங்க உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவிச்சது. அறையின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் குளிர்விக்காது, சூட்டுக் காற்றைத்தான் உடம்பில் அடிக்கும். "பில் வரும்"னு பகலில் ஏசியை அணைச்சிட்டுப் படுத்த பெரியவர் மாலையில் உளற ஆரம்பித்தால், அது வயசுக் கோளாறு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். ஈரத்துணி போட்டு விசிறிக்கிட்டே 108க்குக் கூப்பிடுங்க.

இன்னொன்று. ஏர் கூலர் தொட்டி, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு, ஏசித் தண்ணி பிடிக்கிற வாளி. டெங்கு கொசு முட்டையிட இதைவிட நல்ல இடம் கிடையாது. வாரம் ஒரு முறை கொட்டி, உட்புறம் தேய்த்துக் கழுவுங்க.

கடைசியா, புகை.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்க மாவட்டத்தைப் புரட்டிப் போட்டப்போ, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நெய்வேலியில் மின்சாரம் தயாராகுது, பக்கத்து ஊரில் இருட்டு. இங்கே அடுத்த புயல் எப்போ வேணும்னாலும் வரும், அப்போ ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போம். அதை வீட்டுக்குள்ளேயோ, வராண்டாவிலோ, ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீங்க. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்கு இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி, வாந்தி, தூக்கம், அவ்வளவுதான். 2020 ஜனவரியில் நேபாளத்துக்குச் சுற்றுலா போன கேரளாக்காரர்கள் எட்டு பேர், அதில் நாலு குழந்தைகள், மூடிய அறையில் கேஸ் ஹீட்டரோடு தூங்கி எழுந்திருக்கவே இல்லை. ஊட்டி, கொடைக்கானலில் கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துப் படுப்பதும் இதே கதைதான்.

பச்சை உடம்புக்காரி அறையில் கதவைச் சாத்திட்டுத் தணலோடு சாம்பிராணி போடுகிற பாட்டிமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்த விஷயத்தில் ஏமாற்றும், 98, 99னு காட்டும். ஒரே அறையில் இருந்த ரெண்டு மூணு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலின்னா, முதலில் வெளியே தூக்கிட்டு வாங்க.

யாருக்காவது ஷாக் அடிச்சா:
ஓடிப் போய்த் தொடாதீங்க. மெயினை அணைங்க. முடியலைன்னா காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விடுங்க.
மூச்சு இல்லைன்னா 108க்குப் போன் போட்டு, நெஞ்சின் நடுவில் ரெண்டு கையையும் வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100லிருந்து 120 முறை அழுத்துங்க. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீங்க.
மயங்கி விழுந்து எழுந்தவர் "நல்லாத்தான் இருக்கேன்"னு சொன்னாலும் ஒரு ஈசிஜி எடுத்துடணும்.

அந்த ஆட்டோவில் வந்த அம்மாவை வீட்டில் யாரும் அழுத்திப் பார்க்கலை. தெரியலை. அவங்க மேல் தப்பு சொல்ல முடியாது. சொல்லிக் கொடுக்க வேண்டியவங்க நாங்கதான்.

சரி, ஐந்து வேலை:

1. மெயின் போர்டைத் திறந்து பாருங்க. டி அல்லது டெஸ்ட்னு ஒரு சின்ன பட்டன் உள்ள சாதனம் இருந்தால் அதுதான் ஆர்சிசிபி. அமுக்குங்க, விழணும். விழலைன்னா மாத்தணும். அப்படி ஒன்று இல்லவே இல்லைன்னா 30 மில்லி ஆம்பியர் அளவில் வாங்கி மாட்டுங்க. ஏசி விலையோடு பார்த்தால் சின்னச் செலவு.

2. எலக்ட்ரீஷியனை வைத்து ஏசி, கீசர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றிலும் எர்த் வேலை செய்யுதான்னு கருவி வைத்து அளக்கச் சொல்லுங்க. கோடையில் எர்த் குழியில் தண்ணி ஊற்றுங்க. நம்ம மணல் மண் சீக்கிரம் காஞ்சிடும்.

3. பின் வெட்டிய பிளக், ரெண்டு பின் அடாப்டர், உப்பேறிய ராடு, மூணும் இன்றைக்கே வெளியே.

4. ஏசி ஃபில்டரைக் கழுவுங்க. கூலர் தண்ணியைக் கொட்டுங்க.

5. வீட்டில் உள்ள எல்லாருக்கும், முக்கியமா அம்மாவுக்கும் பாட்டிக்கும், மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு காட்டிக் கொடுங்க.

எங்க வீட்டில் இப்போ ஆர்சிசிபி இருக்கு. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்கணும்மான்னு சொன்னேன். தேதி எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காதுடான்னாங்க. இப்போ ஒவ்வொரு அமாவாசைக்கும் வீட்டைக் கழுவி விட்டு, கை ஈரத்தைத் துடைச்சிட்டு, நாற்காலி போட்டு ஏறி அந்தப் பட்டனை அமுக்குறாங்க. டப்புன்னு வீடே இருட்டானதும் எனக்குப் போன் வரும்.

"விழுந்துடுச்சுடா."

டியூட்டியில் இருந்தாலும் அந்தப் போனை எடுத்திடுவேன்.